'வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது': அம்மாவின் நுரையீரலுக்கு யோகா எவ்வளவு உதவும்?

ஒவ்வொரு ஜூன் 21-ம் தேதியும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்துவிடும். பூங்காவில் பாய் விரித்து, அறுபதைத் தாண்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கபாலபாதி செய்துகொண்டிருப்பார்கள். 'தினமும் பத்து நிமிஷம் போதும், நுரையீரல் புதுசாகிடும்' என்று கீழே எழுதியிருக்கும். அதை நாம் அம்மாவுக்கு ஃபார்வர்டு செய்வோம். இல்லையென்றால் அம்மாவே நமக்கு அனுப்பியிருப்பார்.

நுரையீரல் புதுசாகாது. ஆனால் மூச்சு விடுவது சுலபமாகலாம். கேட்க ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை இரண்டும் வேறு வேறு. வயதான பெண்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் போனால், சிகிச்சை தேவைப்படும் ஒரு நோய் பல வருஷம் 'வயசு' என்ற பெயரிலேயே ஓடிவிடும்.

வயசானால் மூச்சு வாங்குவது இயல்புதானே?

ஓரளவுக்கு ஆமாம். 20-25 வயதில் நுரையீரலின் திறன் உச்சத்தில் இருக்கும். அதன்பிறகு, சிகரெட்டே தொடாத ஆரோக்கியமான ஒருவருக்கும், ஒரு நொடியில் பலமாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறைந்துகொண்டே வரும். நாற்பது ஆண்டுகளில் கணக்குப் போட்டால் ஒரு லிட்டர், அல்லது அதற்குச் சற்று மேல். விலா எலும்புக் கூடு இறுகிப்போகும். மூச்சு இழுக்க உதவும் உதரவிதானத் தசையின் பலமும் குறையும்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. முதலாவது மாதவிடாய் நிற்பது. ஐரோப்பிய நாடுகளில் பெண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. மாதவிடாய் நிற்கும் காலத்திலும் அதற்குப் பிறகும் நுரையீரல் திறன் குறையும் வேகம், வயதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தது.

இரண்டாவது விஷயம் முதுகுத்தண்டு. ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்பு மெலிவு நோயில், முதுகுத்தண்டின் எலும்புகள் கீழே விழாமலேயே நசுங்கி உடையலாம். பல பெண்களுக்கு அப்படி உடைந்ததே தெரியாது. 'முதுகு வலிக்குது' என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் உயரம் குறையும், கூன் விழும். கூன் விழுந்தால் நுரையீரல் விரிய இடம் இருக்காது. மார்புப் பகுதியில் இப்படி உடையும் ஒவ்வொரு எலும்புக்கும், ஒரே மூச்சில் வெளியேற்றக்கூடிய மொத்தக் காற்றில் சுமார் 9% குறைவதாக 1990-ல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. மூன்று எலும்பு உடைந்தால் கால்வாசி போய்விடும்.

இருந்தாலும் ஆரோக்கியமான நுரையீரலில் தேவைக்கு மேல் நிறைய கையிருப்பு உண்டு. வயது மட்டுமே காரணம் என்றால், காய்கறி வாங்கிவிட்டுச் சமதரையில் திரும்பி வரும்போது நடுவழியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்காது. அப்படி நிற்க வேண்டி வந்தால் வேறு காரணம் இருக்கிறது.

பீடி, சிகரெட் தொடாதவருக்கு நுரையீரல் நோயா?

சிஓபிடி என்று டாக்டர்கள் சொல்வது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்றுப் பைகள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுசாக வெளியே வர முடியாத நிலை. இந்தியாவில் 1990-ல் 2.81 கோடிப் பேருக்கு இருந்த இந்த நோய், 2016-ல் 5.53 கோடிப் பேருக்கு இருந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2018-ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. 2016-ல் உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18%. ஆனால் நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழந்த ஆரோக்கியமான ஆண்டுகளில் நம் பங்கு 32%.

சிகரெட்டும் பீடியும் மட்டும்தான் காரணம் என்றால் இது ஆண்களின் நோயாகத்தான் இருக்க வேண்டும். 2016-17 உலகளாவிய புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைபிடிக்கும் ஆண்கள் 19%, பெண்கள் வெறும் 2%. அப்படியும் பெண்களுக்கு வருகிறது. எப்படி?

இந்தக் கேள்வியை 1959-லேயே கேட்டவர் டாக்டர் எஸ்.ஐ. பத்மாவதி. பர்மாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் என அறியப்படுபவர். டெல்லியில், நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போன 127 நோயாளிகளைப் பற்றி அவரும் சக மருத்துவர் ஒருவரும் எழுதிய கட்டுரை, சர்குலேஷன் என்ற அமெரிக்க இதய மருத்துவ இதழில் வந்தது. 1976-ல் இன்னொரு ஆய்வும் வந்தது. புகைபிடிக்கும் வழக்கம் குறைவாக இருந்தும் பெண்களுக்கு இந்த நோய் வருவதற்கு அவர் சுட்டிக்காட்டிய சந்தேக நபர் சமையலறை அடுப்பு. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன்னால், சிறுமியாக இருந்தபோதிலிருந்தே உட்காரும் பெண்கள். பத்மாவதி 2020-ல், 103-வது வயதில் கொரோனாவால் இறந்தார். அவர் அன்று சொன்னது உலக அளவில் பேசுபொருளாக அரை நூற்றாண்டு ஆனது. 2009-ல் லான்செட் கட்டுரை ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது: உலகில் புகைபிடிப்பவர்கள் சுமார் 101 கோடி, விறகு, சாணம் போன்ற எரிபொருள்களின் புகையை சுவாசிப்பவர்கள் சுமார் 300 கோடி.

இப்போதுதான் எல்லா வீட்டிலும் கேஸ் வந்துவிட்டதே என்று தோன்றலாம். எல்லா வீட்டிலும் இல்லை. சமையலுக்குத் தூய எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் 2015-16-ல் 43.8% ஆக இருந்தன. 2019-21-ல் 58.6%. கிராமங்களை மட்டும் பார்த்தால் 43.2% தான். 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு கொடுத்ததும் சிலிண்டர் தொடர்ந்து வாங்குவதும் ஒன்றில்லை. 2023-24-ல் ஒரு உஜ்வலா குடும்பம் சராசரியாக வாங்கியது ஆண்டுக்கு நான்குக்கும் சற்றுக் குறைவான சிலிண்டர்கள். உங்கள் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதி நாட்களில் என்ன எரிந்திருக்கும் என்பது புரியும்.

டேட்டா பார்ப்பவர்கள் எளிதில் தவறவிடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. கணக்கெடுப்பு கேட்பது இன்றைய அடுப்பைப் பற்றி. 65 வயதுப் பெண்ணின் நுரையீரலில் பதிவாகியிருப்பது 1970, 80-களின் அடுப்பு. இன்று பெங்களூரு அபார்ட்மென்ட்டில் சிம்னி வைத்த சமையலறையில் நிற்கும் அம்மா, இருபது வயது வரை ஊதாங்குழலோடு ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தவராக இருக்கலாம். எந்த சர்வேயிலும் அவர் 'தூய எரிபொருள் வீடு' என்ற கட்டத்துக்குள்தான் வருவார்.

டாக்டரிடம் போனால் கண்டுபிடித்துவிட மாட்டாரா?

2001-ல் செஸ்ட் இதழில் வந்த ஆய்வு ஒன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 192 குடும்ப மருத்துவர்களிடம் ஒரு கற்பனை நோயாளியின் விவரத்தைக் கொடுத்தார்கள். இருமல், மூச்சுத்திணறல், எல்லாமே ஒன்றுதான். சிலருக்கு நோயாளி ஆண், சிலருக்குப் பெண். ஆண் என்று படித்தவர்களில் 58% பேர் சிஓபிடியாக இருக்கும் என்றார்கள். பெண் என்று படித்தவர்களில் 42% பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் முடிவைக் காட்டியபிறகு இந்த இடைவெளி குறைந்தது. புகைபிடிக்கும் பெண்கள் அதிகமாக உள்ள நாடுகளிலேயே இந்த நிலைமை.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல். 'மூச்சு வாங்குதாம்மா?' என்று கேட்டால் 'இல்லையே' என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை. மூச்சு வாங்கும் வேலைகளை அவர் ஏற்கெனவே நிறுத்தியிருப்பார். மாடிக்குத் துணி காயப்போடப் போவதில்லை, கோயிலுக்கு நடந்து போவதில்லை, பெருக்குவதை இரண்டு தவணையாகச் செய்கிறார். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். மருத்துவர்கள் பயன்படுத்தும் மூச்சுத்திணறல் அளவுகோல் நான்கு படிகளாகக் கேட்கிறது: வேகமாக நடந்தால் அல்லது மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? சமதரையில் சம வயதுக்காரர்களைவிட மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறதா? நூறு மீட்டர் போனதும் நிற்க வேண்டியிருக்கிறதா? உடை மாற்றும்போதே மூச்சு வாங்குகிறதா? இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' வந்தாலே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டுமே காரணமாக இருக்கும் என்றும் இல்லை. ரத்தசோகை, இதயக் கோளாறு, தைராய்டு, காசநோய் என்று பட்டியல் நீளும். யோகா பாய் வாங்குவதற்கு முன்னால் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

சரி, யோகா என்னதான் செய்கிறது?

மூச்சு இழுப்பதும் விடுவதும் தசைகளின் வேலை. கை கால் தசைகளைப் போல அவற்றையும் பழக்கலாம். பிரேசிலில் நடந்து 2011-ல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த ஆய்வில், சராசரி 68 வதுள்ள ஆரோக்கியமான முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இரண்டு குழுவுக்கும் ஸ்ட்ரெச்சிங் உண்டு. ஒரு குழு மட்டும் கூடுதலாக பஸ்திரிகா உள்ளிட்ட மூச்சுப் பயிற்சியைச் செய்தது. நான்கு மாதம் கழித்து அந்தக் குழுவில் மூச்சை வெளியே தள்ளும் பலம் 34%, உள்ளே இழுக்கும் பலம் 26% கூடியிருந்தது. மற்ற குழுவில் மாற்றம் இல்லை. நல்ல முடிவுதான். ஆனால் சேர்ந்தவர்கள் 76 பேர், கடைசிவரை இருந்தவர்கள் 29 பேர். தலைப்புச் செய்தியில் 34% வரும், 29 வராது.

நோய் உள்ளவர்களுக்கு? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, சிஓபிடி நோயாளிகளுக்கான மூச்சுப் பயிற்சிகள் பற்றி 2012-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. மொத்தம் 16 ஆய்வுகள், 1,233 பேர். இதில் பிராணாயாமம் சேர்ந்த யோகாவுக்கான கணக்கு இரண்டே ஆய்வுகளில், 74 பேரிடம் இருந்து வந்தது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற டெஸ்ட்டில், அவர்கள் மற்றவர்களைவிட 45 மீட்டர் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த டெஸ்ட்டில் சுமார் 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு உணரக்கூடிய மாற்றம் என்று கருதுவார்கள். ஆக 45 என்பது சின்ன எண் இல்லை. அதே தொகுப்பில் இன்னொரு சிறிய ஆய்வு: விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் பயிற்சியில் 50 மீட்டர் கூடியது. அதற்கு சமஸ்கிருதப் பெயரும் இல்லை, தனி நாளும் இல்லை.

இரண்டிலும் நடப்பது கிட்டத்தட்ட ஒரே விஷயம். அடைப்பு உள்ள நுரையீரலில் காற்று சீக்கிரம் உள்ளே போகும், மெதுவாகத்தான் வெளியே வரும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால், பழைய காற்று வெளியேறும் முன்பே புதிய காற்று வந்து சேரும். நுரையீரல் ஊதிப்போய், உதரவிதானம் தட்டையாகி, இழுக்கவே இடமில்லாமல் போகும். 'காத்தே உள்ள போக மாட்டேங்குது' என்று நோயாளி சொல்லும்போது, உண்மையில் பிரச்சினை வெளியேறாத காற்று. மூச்சை விடும் நேரத்தை நீட்டினால் நுரையீரல் காலியாக அவகாசம் கிடைக்கும். பிராமரியில் 'ம்ம்ம்' என்று ரீங்காரமிடும்போது இதுவும் நடக்கிறது. மூச்சுக்குழாய் அப்படியேதான் இருக்கும், அதைப் பயன்படுத்தும் விதம் மாறுகிறது.

ஆஸ்துமா பற்றி 2016-ல் வந்த காக்ரேன் தொகுப்பும் (15 ஆய்வுகள், 1,048 பேர்) இதையொட்டியே பேசுகிறது. வாழ்க்கைத் தரமும் அறிகுறிகளும் யோகாவால் சிறிதளவு மேம்படலாம், ஆனால் நுரையீரல் திறனில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 60 சிஓபிடி நோயாளிகளை வைத்து, 12 வாரங்கள் யோகாவையும் மருத்துவமனைகளில் தரும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தருவதாக 2015-ல் ஒரு சர்வதேச மாநாட்டில் சொன்னார்கள். அந்த மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

கூன் விஷயத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வு கவனிக்கத்தக்கது. அறுபதைத் தாண்டிய 118 பேர், பெரும்பாலும் பெண்கள். 24 வாரங்கள் யோகா செய்தவர்களுக்கு முதுகு வளைவு ஓர் அளவுமுறையில் 4-5% குறைந்தது. இன்னொரு கருவியால் அளந்தபோது வித்தியாசம் தெரியவில்லை.

யாரை வைத்து ஆய்வு செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிஓபிடிக்கு யோகா என்று தேடினால் கிடைக்கும் முக்கியமான இந்திய ஆய்வுகளில் ஒன்று, ஒடிசாவின் ராம்பூர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 81 பேரிடம் நடந்தது. அவசியமான ஆய்வுதான். ஆனால் சுரங்கத் தொழிலாளியின் உடம்பும், எலும்பு மெலிந்த, கூன் விழுந்த, அடுப்புப் புகை குடித்த 68 வயதுப் பெண்ணின் உடம்பும் ஒன்றில்லை. மேலே சொன்ன எந்த ஆய்வும் அந்தப் பெண்ணை நடுவில் வைத்து நடத்தப்பட்டதில்லை.

எல்லா ஆசனமும் எல்லாருக்கும் இல்லை

அமெரிக்காவின் மாயோ கிளினிக் 1984-ல் வெளியிட்ட ஆய்வு சிறியது, ஆனால் பயமுறுத்துவது. மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிவு உள்ள 59 பெண்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16% பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89% பேருக்கு. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67%. தப்பான பயிற்சி சும்மா இருப்பதைவிட மோசம். பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம் போல நெற்றி முழங்காலைத் தொடும் ஆசனங்களை எலும்பு மெலிவு உள்ள அம்மாவுக்கு வீடியோ பார்த்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டு, அதன் முடிவை யோகா டீச்சரிடம் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் யோகாவை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

கபாலபாதியும் அப்படித்தான். இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா கையேடே சொல்கிறது. அறுபதைத் தாண்டியவர்களில் பிபி மாத்திரை போடாதவர்களை எண்ணிவிடலாம். பெண்கள் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. பிரசவங்களால் இடுப்புத் தளத் தசை தளர்ந்திருந்தால், வயிற்றை உந்தி மூச்சை வேகமாகத் தள்ளும்போது சிறுநீர் கசியும். 'இனி கிளாஸுக்கு வரலை' என்று அம்மா நிறுத்தினால், சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாமல் இதையும் யோசியுங்கள். சிஓபிடி உள்ளவர்கள் மூச்சை அடக்கிப்பிடிக்கும் கும்பகத்தையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, 'யோகா பண்றேனே, இன்ஹேலர் எதுக்கு?' என்று நிறுத்துவது. இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தும் விளம்பரம் செய்யக் கூடாது என மருந்துச் சட்ட விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. யோகா வகுப்பு மருந்து இல்லை என்பதால் யூடியூபில் யாரும் எதையும் சொல்லலாம். மேலே பார்த்த ஆய்வுகளில் யோகா பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் சோதிக்கப்பட்டது.

அம்மாவை ஸ்பைரோமெட்ரிக்கு அழைத்துப் போகிறீர்களா?

ஊசி இல்லை, வலி இல்லை. மூக்கில் கிளிப் போட்டு, ஆழமாக இழுத்து, ஒரு குழாயில் முழு பலத்தோடு குறைந்தது ஆறு நொடி ஊத வேண்டும். பிறகு மருந்து கொடுத்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அப்போதும், மொத்தமாக ஊதிய காற்றில் முதல் நொடியில் வெளியேறியது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வராது. நன்றாக வந்த மூன்று ஊதல்கள் தேவை, நடுவில் ஓய்வு கேட்கலாம். டெக்னீஷியன் 'ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க' என்று சத்தம் போடுவார், திட்டுவதாக அம்மா நினைக்கலாம். முன்கூட்டியே சொல்லிவைங்க. வெளிமாநிலத்தில் என்றால் மொழி புரியாமலேயே டெஸ்ட் சொதப்பும், கூடவே நில்லுங்கள். இறுக்கமான உடை வேண்டாம். பல் செட் சரியாகப் பொருந்தினால் கழற்ற வேண்டியதில்லை. கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். இன்ஹேலர் எடுப்பவர் என்றால் எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடமே கேளுங்கள். டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து கடுமையான உடற்பயிற்சி கூடாது. அன்று காலை மட்டும் பஸ்திரிகாவுக்கு லீவு.